எமனுக்காக வைத்த பெயர்

ஜெயபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் என் முகத்தைவிட என் குரலைத்தான் கூடுதல் பேருக்குத் தெரியும். எனக்குத் தொழில் வயல். ஆனால் கோயில் திருவிழாவோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோ, எதுவென்றாலும் ஒலிவாங்கி கடைசியில் என் கைக்கு வந்து சேர்ந்துவிடும். பெரிதாக வருந்தி அழைக்கவும் தேவையில்லை. வயரை நீட்டினால் போய்விடுவேன். இதை ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள். மருந்து இல்லாத வியாதி என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

இந்த வியாதியால் எனக்குக் கிடைத்தது பெயர்கள் பற்றிய அறிவு. பரிசளிப்பு விழாவில் மூன்று மணித்தியாலம் பிள்ளைகளின் பெயர்களை வாசித்துப் பார்த்தால் தெரியும், எங்கள் சனம் பெயர் வைப்பதில் எவ்வளவு மினக்கெடுகிறது என்று. எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: ஒருத்தருக்கும் இல்லாத பெயர் வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற சித்தப்பா ஒரு பாதி அனுப்புவார், சாத்திரியார் முன்னெழுத்தைச் சொல்வார், தகப்பன் நடுவில் இரண்டு வடமொழி எழுத்தைச் செருகுவார். பெயர் தயார். பிறகு பிள்ளை முதலாம் வகுப்புக்குப் போனால் அதே பெயரில் இன்னும் மூன்று பேர் அதே வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். பரிசளிப்பில் அந்தப் பெயரை வாசித்தேன் என்றால் நாலு பிள்ளைகள் எழும்புவார்கள், நாலு தகப்பன்மாரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்ப்பார்கள்.

நான் மட்டும் என்ன, வானத்தில் இருந்து குதித்தவனா? எனக்கும் அந்த ஆசை இருந்தது. கலியாணம் முடிப்பதற்கு முன்னரே எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் பெயர்கள் எழுதி வைத்திருந்தேன். எங்கேயாவது ஒரு நல்ல பெயர் காதில் விழுந்தால் கையிலோ பஸ் துண்டிலோ எழுதிக்கொண்டு வந்து கொப்பியில் ஏற்றுவேன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒருத்தருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும், ஒலிபெருக்கியில் சொன்னால் மைதானத்தின் கடைசி வேலி வரைக்கும் வடிவாகக் கேட்க வேண்டும். இதுதான் என் சட்டம்.

இதை எழுதும்போது யாருடைய பெயரையும் போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். என் மகளின் பெயரையும்தான். அவளுடைய பெயரில் தவிடு இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஆலையில் நெல் குற்றும்போது பறக்குமே, கோழிக்கும் மாட்டுக்கும் வைப்போமே, அதே தவிடுதான். முழுப் பெயரும் வேண்டுமானால் அவள் போட்டிக்கு வரும் மைதானத்துக்கு வந்து காது கொடுங்கள்.

கொப்பியில் அந்தப் பெயர் இருக்கவில்லை. கொப்பியில் இருந்த பெயர்களில் இரண்டை ஏற்கனவே எடுத்துக் கொடுத்திருந்தேன். முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனது. அடுத்தது பிறந்து பத்தொன்பதாம் நாள் போனது. இரண்டாவது பிள்ளைக்கு வைத்த பெயரை நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றே ஊருக்கெல்லாம் போன் எடுத்துச் சொல்லியிருந்தேன். பத்தொன்பது நாள் கழித்து அதே ஆட்களுக்குத் திரும்பவும் போன் எடுக்க வேண்டி வந்தது. அந்த வலியை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொல்லைப்பக்கம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிள்ளை போன முப்பத்தோராம் நாள் என் மனைவி குசினி வாசலில் இருந்துகொண்டு ஒன்று சொன்னாள்.

"வடிவான பேரை வைச்சு, அதை ஊரெல்லாம் கூவியும் திரிஞ்சால் எமனுக்குக் காது கேளாதே? ஆரடா அது, நல்ல பிள்ளையாக் கிடக்கெண்டு பாக்கத்தானே வருவான்."

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் யாரும் கோபிக்கலாமா? கோபித்தேன். படிப்பறிவில்லாத கதை என்றேன்.  மூன்றாவது பிள்ளை வயிற்றில் தங்கியதும், அவள் நெல் அவிக்கிற அடுப்புக்குள் என் கொப்பியைத் தூக்கி வைத்துவிட்டாள். நான் வயலால் வந்தபோது அட்டை மட்டும் எரியாமல் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் குழப்படி செய்கிற பிள்ளையைச் சீண்டுவதற்கு, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினது" என்று சொல்வார்கள். சொல்லாத வீடு இல்லை. ஆனால் அது வெறும் பகிடி இல்லை. பிள்ளை தங்காத வீட்டில் மெய்யாகவே அப்படிச் செய்கிற வழக்கம் இருந்திருக்கிறது. தங்கின பிள்ளைகள் நிறைய உள்ள ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அவளிடமிருந்து தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்க வேண்டும். பெயரிலும் அந்த விலை இருக்க வேண்டும். இவ்வளவு மலிந்த சரக்கை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வது என்று எமன் விட்டுவிட்டுப் போவானாம். என் மனைவி இதை எங்கேயோ கேட்டு வைத்திருந்தாள்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். அந்த வீட்டு அக்காவுக்கு ஏழு பிள்ளைகள். இடப்பெயர்வு, முகாம் எல்லாவற்றுக்கும் ஊடாக ஏழையும் இழுத்துக்கொண்டு வந்து கரை சேர்த்தவர். அவரைவிட்டால் இதற்கு வேறு ஆள் எங்கே?

மூன்றாவது பிள்ளை பெண்ணாகப் பிறந்தாள். பிள்ளைபெற்ற துடக்குக் கழித்த அன்று விடியவே பிள்ளையை நெல் புடைக்கிற சுளகில் கிடத்தி வேலிக்கு மேலால் அக்காவிடம் கொடுத்தோம். அவர் தன் வீட்டுக்குள் கொண்டுபோய், தன் பிள்ளைகளோடு பாயில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஆலையில் வாங்கிய தவிட்டுச் சாக்கோடும் அளக்கிற கொத்தோடும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பிள்ளையைப் பழித்துப் பேரம் பேச வேண்டும், அதுவும் பலமாகப் பேச வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். எனக்குக் குரலுக்கா பஞ்சம்?

"உந்த நோஞ்சானுக்கு என்ன விலை?" என்று கேட்டேன்.

"ரெண்டு கொத்துத் தவுடு குடுங்க. எம் புள்ளைய சும்மாவா குடுப்பாங்க?" என்றார் அக்கா.

"ரெண்டு கொத்தோ? எலிக்குஞ்சு மாதிரிக் கிடக்கு. நிறமும் இல்லை, சதையும் இல்லை. ஒரு கொத்துக்கு மேல குடுக்கேலாது."

"வேணாட்டிப் போங்க. எட்டாவதா நானே வளத்துக்கறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் மெய்யாகவே திரும்பி நடந்தார். அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும், "அக்கா, நில்லுங்கோ! ஒண்டரைக் கொத்துத் தாறன்" என்று கத்தினேன். பின்னால் நின்ற மனைவி என் முதுகில் குத்தினாள். விலையைக் கூட்டினால் பிள்ளைக்கு மதிப்புக் கூடிவிடும் என்று அவளுக்குப் பயம். கடைசியில் ஒரு கொத்துத் தவிட்டை அளந்து அக்காவின் சேலைத் தலைப்பில் கொட்டினேன். பிள்ளை என் கைக்கு வந்தது. உலகத்தில் அவ்வளவு மலிவாக ஒருவரும் எதையும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு அந்தத் தவிட்டுப் பெயர் இருக்கட்டும், பதிவுக்கு நல்ல பெயர் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். கொப்பிதான் எரிந்தது, பெயர்கள் என் மண்டைக்குள் இருந்தன. பிறப்புப் பதியப் போகிற நாளில் மனைவியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாள். வழியில் என் திட்டத்தைச் சொன்னேன்.

"எமனுக்கு வாசிக்கத் தெரியாதே?" என்று கேட்டாள். "சித்திரகுப்தன் எண்டு ஒருத்தனைப் பக்கத்திலயே வைச்சிருக்கிறானெல்லோ, எழுதிறதுக்கெண்டு. சேர்ட்டிபிக்கட்டில வேற பேர் இருந்தால், இவை என்னை ஏமாத்தப் பாக்கினம் எண்டு இரட்டிப்பாய்க் கோபப்படமாட்டானே?"

 எமன் படித்தவனா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பதிவாளர் பெயரை இரண்டு தரம் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் தரமும் கேட்டார். "யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?" என்றார். "ஓம் ஐயா, அதேதான்" என்றாள் என் மனைவி. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை தங்கினாள். தங்கியது மட்டுமா? எருமைக் கன்று மாதிரி வளர்ந்தாள். சோற்றைக் கண்டால் விடமாட்டாள். பத்து வயதில் அரைச் சாக்கு நெல்லைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்த் திண்ணையடியில் வைப்பாள். வேலிக்கு அப்பாலிருந்து அக்கா, "ஒரு கொத்துக்கு வித்தது நட்டமாப் போச்சே!" என்று தலையில் கைவைத்துச் சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் கோழித்தீன். முதல் இரண்டு வருடம் அழுதுகொண்டு வந்தாள். மூன்றாம் வருடம் ஒருவனின் மூக்கில் இரத்தம் வந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நானும் அவர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பட்டம் அதோடு தேய்ந்து போனது.

அவளுக்கு வெட்கம் போய்விட்டது. எனக்குப் போகவில்லை. வருடாவருடம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நான்தான் அறிவிப்பாளர், அவள்தான் சின்ன வகுப்பில் பந்தெறிவதில், பிறகு குண்டு போடுவதில் முதலாமிடம். மற்றப் பிள்ளைகளின் பெயர்களை நீட்டி முழக்கிச் சொல்வேன். அவளுடைய முறை வந்ததும் ஒரு சின்ன இருமல். பிறகு, "முதலாமிடம், நீல இல்லம், நாற்பத்திரண்டாம் இலக்கம்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். சனம் சிரித்தால் பிள்ளையின் மனம் நொந்துவிடும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொள்வேன். இப்படிப் பத்து வருடம்.

போன வருடம் கிராம அலுவலர் அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது, "பேர் மாத்திற எண்ணமிருந்தால் இப்பவே மாத்துங்கோ. அட்டையும் சோதினைப் பேரும் வந்தாப்பிறகு அலைச்சல்" என்றார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மனைவியைக் கேட்டேன். பிள்ளை பெரியபிள்ளையாகும் வரைக்கும்தான் நேர்த்திக்கடன், இனி உங்கள் விருப்பம் என்றாள். அடுத்த நாளே கிளிநொச்சிக்குப் போய்ப் பெயர் மாற்றுகிற பத்திரத்தையும் எடுத்து வந்தேன். புதிய பெயரையும் முடிவு செய்துவிட்டேன். அருமையான பெயர்.

மகள் பத்திரத்தை வாசித்தாள். பிறகு மடித்து என்னிடம் தந்தாள்.

"அப்பா, ஒருக்கா மைக்கில என்ர பேரைச் சொல்லுங்கோ. முழுசாய். அதுக்குப் பிறகும் மாத்த வேணுமெண்டு நினைச்சியள் எண்டால் மாத்துங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

நான் தலை குனிந்தேன். அவள் இத்தனை வருடமும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வலயமட்டப் போட்டிக்கு அந்த முறை என்னையே அறிவிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சந்தர்ப்பம், சொல்லிவிடுவோம் என்று காலையில் முகம் வழிக்கும்போதே பழகிப் பார்த்தேன். மைதானத்தில் பதினைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அதிகாரிகள், பெற்றோர். மகள் முதலாமிடம். முடிவு எழுதிய துண்டு என் கைக்கு வந்தது. அவளுடைய பெயர் தடித்த பேனையால் எழுதப்பட்டிருந்தது. வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. இலக்கத்தைச் சொன்னேன்.

அவள் வெற்றி மேடையில் நின்றபடி என் பந்தலைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா பார்த்தாள்.

அன்றிரவு வீட்டில் சாப்பாட்டுக் கோப்பையை வைக்கும்போது மனைவி சொன்னாள்: "எமனுக்கு முன்னால துணிஞ்சு வைச்ச பேரைச் சனத்துக்கு முன்னால சொல்லப் பயப்பிடுறியள்."

 என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மாகாணமட்டப் போட்டி யாழ்ப்பாணத்தில் நடந்தது. அங்கே நான் ஒரு தகப்பன் மட்டும். ஒலிவாங்கி இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தது. மனைவியும் வேலிக்கு அப்பால் இருக்கிற அக்காவும் வந்திருந்தார்கள். "நான் வித்த புள்ள, நான் வராம எப்புடி?" என்று அக்கா பள்ளிக்கூடப் பெட்டையள் போகிற வான் வண்டியில் முதல் ஆளாக ஏறியிருந்தார். அறிவிப்பாளர் ஒரு இளைஞர். நல்ல குரல், குறை சொல்ல முடியாது. குண்டு போடும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். வாய்க்குள் நுழையாத பெயர்களைக்கூடத் தண்ணீர் குடிக்கிற மாதிரிச் சொன்னார். அடுத்தது மகளின் முறை.

ஒலிபெருக்கியில் ஒரு சின்ன இருமல் கேட்டது.

"அடுத்து வருபவர், இருநூற்றுப் பதினேழாம் இலக்கம்."

அந்த இருமலை எனக்குத் தெரியாதா? பத்து வருடமாக நான் இருமிய இருமல். வெளியே இருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு கேவலமான சத்தம் என்று விளங்கியது. மைதானத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் பெயர் இருந்தது. என்னுடைய பிள்ளை மட்டும் ஒரு இலக்கம். அவள் முதலாம் எறியலை எறிந்தாள், குண்டு கிட்டடியிலேயே விழுந்தது. இரண்டாம் முறையும் இருமல், இரண்டாம் முறையும் இலக்கம். அந்த எறியல் அதைவிட மோசம்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். மனைவி ஏதோ கேட்டாள், காதில் விழவில்லை. மைதானத்தைச் சுற்றிப் போக நேரமில்லை, குறுக்கே நடந்தேன். ஓட்டப் பாதையில் நின்ற ஒரு ஆசிரியர் கையை விரித்து மறித்தார். அவரையும் தாண்டி அறிவிப்பாளர் பந்தலுக்குள் போனேன்.

"தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பேர் இருக்கு" என்றேன்.

"தெரியும் ஐயா, லிஸ்ற்றில கிடக்கு. சனம் சிரிச்சால் பிள்ளை குழம்பிப்போடும் எண்டுதான்..."

என்னுடைய சாட்டு. எழுத்துக்கெழுத்து என்னுடைய சாட்டு.

"பிள்ளை குழம்பாது. வெக்கம் எனக்கும் உங்களுக்கும்தான், பிள்ளைக்கில்லை. நான் அவளின்ர தேப்பன். பேரைச் சொல்லுங்கோ."

அந்தத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, ஒலிவாங்கியை என்னிடமே நீட்டினார். "நீங்களே சொல்லுங்கோ ஐயா" என்றார்.

வாங்கினேன். "அடுத்து குண்டு போட வருபவர், கிளிநொச்சி மாவட்டம், ஜெயபுரம்" என்று தொடங்கி, என் பெயரைச் சொல்லி, அதன் பின்னால் அவளுடைய பெயரை முழுதாகச் சொன்னேன். இருமல் வரவில்லை.

 கிழக்குப் பக்கத்தில் பெடியள் கூட்டம் ஒன்று கொல்லென்று சிரித்தது. பத்து வருடம் நான் பயந்த சிரிப்பு அவ்வளவுதான். ஒரு கூட்டம், ஒரு மூலை, சோடா ஒன்றைத் திறந்த மாதிரி வந்து அடங்கிவிட்டது. இதற்காகவா என் பிள்ளையை மறைத்து வைத்திருந்தேன்? அடங்கியதும் திரும்பவும் சொன்னேன், இன்னும் நீட்டி, இன்னும் முழக்கி, திருவிழாவில் சுவாமி வீதிவலம் வருவதை அறிவிக்கிற குரலில். மைதானத்தின் அந்தக் கரையில் என் மனைவியும் அக்காவும் எழும்பி நின்று கைதட்டுவது தெரிந்தது. பிறகு எங்கள் வானில் வந்த பெட்டையள் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தத் தொடங்கினார்கள். பெயர் கத்துவதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். சிரித்த பெடியளும் கொஞ்ச நேரத்தில் அதையேதான் கத்தினார்கள்.

மகள் வட்டத்துக்குள் குண்டைக் கழுத்தில் அணைத்தபடி நின்றாள். பந்தல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். பல் முழுவதும் தெரியச் சிரித்தாள். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு சுழன்று எறிந்தாள்.

குண்டு விழுந்த இடத்தில் நின்ற மத்தியஸ்தர் இரண்டடி பின்னுக்குத் துள்ளினார். அளக்கிற நாடாவை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தூரத்தை அன்று வேறு யாராலும் எட்ட முடியவில்லை. வெற்றி மேடைக்கு அழைக்கும்போது ஒலிவாங்கியைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பெயரைச் சொன்னார். தெளிவாக, முழுதாக, நானே பொறாமைப்படுகிற மாதிரிச் சொன்னார். பக்கத்தில் நின்று அழுதேன். மறைக்கவில்லை.

திரும்பி வரும்போது வானில் பெட்டையள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். மகள் கழுத்தில் பதக்கத்தோடு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். பூநகரிப் பாலம் தாண்டியதும் கேட்டாள்.

"அப்பா, அந்தப் பேர் மாத்திற போம் வீட்டிலதானே கிடக்கு? நான் சொன்ன சொல்லு மாறமாட்டன். இனி மாத்திறதெண்டால் மாத்துங்கோ."

"மாத்திறதோ?" என்றேன். "இண்டைக்குத்தானே, பிள்ளை, நான் அதைச் சொல்லிப் பழகினனான்."